உப்புக் கணவாய், வயது 29

தோக்கியோவில் திங்கட்கிழமை விற்பனைக்கு வரும் வாரப் பத்திரிகை வடகோடியில் இருக்கும் எங்கள் ஷிரதோமரி படகுத் துறைக்குப் புதன்கிழமைதான் வந்து சேரும். மூடுபனி இறங்கி ரோட்டை மறைத்துவிட்டால் வியாழன். இருபத்தேழு வருஷமாக இப்படித்தான். நடுவில் இருக்கும் அந்த இரண்டு நாளும் துறையில் ஒரு சட்டம் உண்டு. ‘கடைசி வீடு’ படக்கதையில் இந்த வாரம் என்ன நடந்தது என்று எவனும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மீன் கழிவு வாளியைத் தலையில் கவிழ்ப்பார்கள். தபாலாபீஸுக்கு மாற்றலாகி வந்த ஒருத்தர் விவரம் தெரியாமல் சொல்லிவிட்டு, மூன்று நாள் குளித்தும் நாற்றம் போகாமல் லீவு போட்டார்.

செல்போன் வந்த பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். படகு என்ஜின் பழுது பார்க்கும் ஷோஹெய், திங்கட்கிழமை காலையில் தன் போனை என் கடைப் பிஸ்கட் டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவான். புதன்கிழமைதான் எடுப்பான். எவன் படகாவது நடுக்கடலில் நின்றுபோனால் டப்பா கிடந்து கதறும். நான்தான் எடுத்துத் திட்டு வாங்குவேன். நாற்பத்தைந்து வயது, பெண்டாட்டி பிள்ளை உள்ளவன் செய்கிற காரியமா இது? கேட்டால், “உங்களுக்குப் புரியாது அக்கா” என்பான்.

என் பெயர் நொபுயே. இந்தத் துறைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது, இன்னும் இவர்களுக்கு நான் வெளியூர்க்காரிதான். ரொட்டி, ரப்பர் கையுறை, சிகரெட், மெழுகுவத்தி, பத்திரிகை எல்லாம் விற்கிறேன். படக்கதையில் எனக்கு நாட்டம் கிடையாது. ரோகுஹெய் என்று ஒரு தபால்காரன். உலகத்தின் கடைசி வீட்டில் சேர்க்க வேண்டிய ஒரே ஒரு கடிதம் அவன் பையில் இருக்கிறது. நடக்கிறான். பாலம் இடிகிறது, சண்டை வருகிறது, ஒரு பெண் வருகிறாள், போகிறாள், பனியில் கால்விரல் ஒன்று போகிறது. இவன் பாட்டுக்கு நடக்கிறான். இதற்கு இருபத்தேழு வருஷமா என்று கேட்டால் என்னையும் வாளியைக் காட்டி மிரட்டுவார்கள்.

கதை முடிகிற இடத்தில் வாராவாரம் அரைப் பக்கம் ‘தபால்பெட்டி’ என்று ஒன்று வரும். படிக்கிறவர்கள் அஞ்சலட்டையில் படம் வரைந்து, இரண்டு வரி எழுதி அனுப்புவார்கள். சொந்தப் பெயர் போடுவதில்லை. ஒரு விளையாட்டுப் பெயர், மாவட்டம், வயது. அவ்வளவுதான். எங்கள் துறையில் அந்த அரைப் பக்கத்துக்காகவே பத்திரிகை வாங்குகிற ஆள் ஒருத்தி உண்டு. கிவா அக்கா.

கிவா அக்காவுக்கும் கடல்பாசி வாரிக் காயப்போட்டு விற்கும் இசோகிச்சிக்கும் ஒரே மகன், மினேயுகி. பதினாலு வயதில் அவன் போட்ட அட்டை ஒன்று தபால்பெட்டியில் வந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒரு கணவாய் மீன், தோளில் தபால் பை. பெயர் ‘உப்புக் கணவாய்’. துறையே கைகொட்டிச் சிரித்தது, ஏனென்றால் அந்தத் தொப்பி அவனுடைய அம்மா பின்னிக் கொடுத்தது, அப்படியே வரைந்திருந்தான். பத்தொன்பது வயதில், படம் வரைகிற கை பாசி தூக்காது என்று சொல்லி இசோகிச்சி அவனுடைய காகிதக் கட்டையெல்லாம் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் போட்டார். மறுநாள் பையன் இல்லை. போலீஸில் சொன்னார்கள், சொந்தக்காரர்களிடம் கேட்டார்கள். ஒரு துப்பும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்துத் தபால்பெட்டியில் தொப்பி போட்ட கணவாய் வந்தது. ‘உப்புக் கணவாய், நாகசாகி, வயது 21.’ கிவா அக்கா என் கடை வாசலிலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். பத்திரிகைக்கு எழுதிக் கேட்டுப் பார்த்தாள். வாசகர் முகவரியை யாருக்கும் தருவதில்லை என்று அச்சடித்த அட்டை ஒன்று பதிலாக வந்தது. சரி, உயிரோடு இருக்கிறான், அது போதும் என்று விட்டுவிட்டாள். அப்புறம் ஒசாகா, வயது 24. அப்புறம் தெற்குக் கோடியில் ககோஷிமா, வயது 28. வருஷத்துக்கு நாலைந்து தடவை.

இருபத்தொன்பதுக்கு வந்ததும் வயது நின்றுவிட்டது. அடுத்த வருஷமும் 29, அதற்கடுத்ததும் 29. தபால்பெட்டியில் அப்படிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பல் விழுந்த கிழவன்கூட ‘என்றும் பதினேழு’ என்று போட்டுக்கொள்வான். அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“ஒம்மவனுக்கு மட்டும் வயசே ஆகமாட்டேங்குதே அக்கா. நீ பின்னிக் குடுத்த தொப்பியிலதான் ஏதோ மருந்து இருக்கு. எனக்கும் ஒண்ணு பின்னிக் குடு” என்று நானே எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன்.

“முப்பதத் தாண்டினா அம்மா பொண்ணு பாத்துருவான்னு பயம்டி அவனுக்கு” என்று அவளும் சிரிப்பாள். கோடு முன்போல இல்லை, கொஞ்சம் முரடாகிவிட்டது என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். கப்பலில் கயிறு இழுக்கிற வேலையாக இருக்கும், கை காய்த்துப் போயிருக்கும் என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

இசோகிச்சி பத்திரிகையைத் தொடமாட்டார். வீறாப்பு. ஆனால் புதன்கிழமை மட்டும் படகைக் கட்டியதும் நேராகப் பெண்டாட்டியிடம் வந்து கேட்பார்.

“எங்க இருக்கான்?”

“ககோஷிமா.”

“வயசு?”

“இருபத்தொம்பது.”

“கழுதை” என்பார். அதோடு சரி. கணவாய் வந்த அன்றைக்கு மட்டும் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுவார்.

ஜூலை மாதக் கடைசியில் கதை முடிகிறது என்று அறிவித்தார்கள். ஷோஹெய் சோறு இறங்காமல் திரிந்தான். கிவா அக்கா என்னிடம் வந்து, “கதை முடிஞ்சா முடியட்டும்டி. தபால்பெட்டியுமா முடியும்?” என்று கேட்டாள். முடியும் என்று எனக்குத் தெரியும். “வேற கதைக்கு மாத்திருவாங்க அக்கா” என்று மழுப்பினேன்.

கடைசி இதழ் வந்த புதன்கிழமை நல்ல வெயில். பாசிப் பருவத்தில் அப்படி ஒரு நாள் அமைவதே அபூர்வம். விடியற்காலையில், கடலுக்குப் போகலாம் என்று துறையில் வெள்ளைக் கொடி ஏறியதும் படகெல்லாம் போய்விட்டது. பத்து மணிக்கு, கடைக்குச் சரக்கு கொண்டுவரும் தெய்ச்சி வேனை நிறுத்திப் பத்திரிகைக் கட்டை இறக்கினான்.

“நான் வழியில பிரிக்கல அக்கா. சத்தியமா.”

“பின்ன கயிறு ஏன் வேற முடிச்சாக் கெடக்கு? கண்ணு ஏன்டா செவந்திருக்கு?”

“தூசி” என்றான்.

ஷோஹெய் கையில் கிரீஸோடு ஓடிவந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் கணினி தட்டுகிற ஃபுமிகா, வரிசையில் நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டாள். நின்றுகொண்டே படித்தார்கள். 

“என்னது இது?” என்றான் ஷோஹெய். “கதவுக்கு முன்னால நிக்கிறான். கையத் தூக்குறான். அவ்வளவுதானா? அடுத்த பக்கம் எங்க? யோவ் தெய்ச்சி, நீ கிழிச்சிட்டியா?”

“எல்லாப் புத்தகத்துலயும் அதோட நிக்குதுய்யா. நானும் நாலு புத்தகம் பாத்துட்டேன்.”

“அப்ப பிரிச்சிருக்க!” என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

“தட்டிட்டாரு” என்றாள் ஃபுமிகா. “வெரலப் பாருங்க, மடங்கியிருக்கு. தட்டிட்டுக் கைய எடுக்கிறாரு.”

“தட்டப் போறான்மா. தட்டல. தட்டிட்டான்னா சத்தம் போட்டிருப்பாங்கள்ல, ‘டக் டக்’னு? எங்க இருக்கு? பதினெட்டு வயசுல ஆரம்பிச்சேன் நான். எங்கப்பா செத்த வாரம்கூடப் படிச்சேன். அந்தக் கடுதாசியில என்னதான் எழுதியிருக்குன்னு ஒரு வார்த்த சொன்னானா? நம்மள என்ன கேணையன்னு நெனச்சானா?”

“கடுதாசி யாருக்கு வேணும்? ஜன்னலப் பாருங்கண்ணே.” ஃபுமிகா பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். “வெளிச்சமே இல்ல. வீட்ல ஆளில்ல. இத்தனை வருஷம் நடந்து வந்து, ஆளில்லாத வீட்டு வாசல்ல நிக்கிறாரு. அதான் முடிவு.” சொல்லிவிட்டு விசும்பி அழ ஆரம்பித்தாள். முப்பத்துநாலு வயதுப் பெண்.

“அப்படிச் சொல்லாத. அப்படிச் சொல்லாதன்னா!” என்று ஷோஹெய் கத்தினான். பத்திரிகையைத் தரையில் அடித்தான். பிறகு குனிந்து எடுத்து, கிரீஸ் படாத முழங்கையால் துடைத்தான். தெய்ச்சி காப்பி டின் மூன்றை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தான். என்னைக் கேட்கவில்லை, நானும் காசு கேட்கவில்லை. எழவு வீட்டில் யார் கணக்குப் பார்ப்பது?

இவர்கள் இப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கிவா அக்காவின் புத்தகத்தில் கடைசி அரைப் பக்கத்தைப் புரட்டினேன். இந்த வாரம் கணவாய் வந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்ற ஆசை, வேறொன்றுமில்லை.

வந்திருந்தது. மூடிய கதவுக்கு வெளியே தொப்பி போட்ட கணவாய், பெட்டி பெரிதாகப் போட்டு, நடுவில். கீழே வழக்கத்தைவிட நிறைய எழுத்து.

‘நான் இரண்டாவது உப்புக் கணவாய். முதலாமவரும் நானும் ஒரே மீன்பிடிக் கப்பலில் வேலை பார்த்தோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, இருபத்தொன்பது வயதில், அவர் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை. கப்பலில் அவர் கொடுத்திருந்த பெயர் அவருடையது இல்லை. வடக்கே பாசி காயப்போடும் ஊர், அம்மா இந்தப் பக்கத்தைப் பார்ப்பாள், இவ்வளவுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். வேறு முகவரி தெரியாததால் அவர் பெயரில் நானே வரைந்துகொண்டிருந்தேன். தபால்பெட்டி இன்றோடு மூடுகிறது. அம்மா, மன்னித்துவிடுங்கள். ககோஷிமா.’

 வயசே ஆகமாட்டேங்குதே என்று கேட்ட வாய் இது. என் வாயில் புழு விழ.

பத்திரிகைக் கட்டில் ஒரு புத்தகம் குறைந்துபோச்சு என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிடலாமா என்றும் பார்த்தேன். கிழிக்க விரலும் போட்டேன். ஆனால் அந்த ஆள், யாரோ பெயர் தெரியாத ஒரு கப்பல்காரன், பன்னிரண்டு வருஷம் வரைந்து, இதுதான் கடைசித் தடவை என்று எழுதியது. நான் கிழித்துவிட்டால் அது யாருக்குப் போய்ச் சேரும்? கடையை ஃபுமிகாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு நடந்தேன்.

கிவா அக்கா சரளைக்கல் பரப்பில் பாசியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஆளைப்போல் இரண்டு மடங்கு நீளம், ஒவ்வொன்றாகத் தூக்கி, சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். ஒரு பக்கம் காய்ந்து கறுத்திருந்தது, மறுபக்கம் இன்னும் பிசுபிசுப்பு. மூன்று மணிக்குப் பனி ஏறுமுன் எல்லாவற்றையும் உள்ளே எடுத்தாக வேண்டும். ஈரம் பட்டால் வெள்ளை பூத்து, மாட்டுக்குக்கூட ஆகாது.

“என்னடி, புத்தகத்தத் தூக்கிக்கிட்டு நீயே வந்துட்ட? வந்திருக்கானா?”

“கைய அலம்பு அக்கா. கொஞ்சம் உக்காரு.”

“உக்கார நேரமா இது? கால் பங்குகூடத் திருப்பல. நீயே படிச்சுச் சொல்லு. எங்க இருக்கான்?”

நான் படிக்கவில்லை. நீட்டினேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே படித்தாள். ஒருதரம் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். உதடு மட்டும் அசைந்தது.

“இருபத்தொம்பது” என்றாள்.

“அக்கா…”

“நான் சிரிச்சேன்டி. ஒவ்வொரு தடவையும் சிரிச்சேன். பொண்ணு பாத்துருவேன்னு பயப்படுறான்னு சொன்னேன்ல?”

அழுவாள் என்று பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி, காற்றில் பறக்காமலிருக்க ஒரு கல்லை அதன்மேல் வைத்தாள். குனிந்து அடுத்த பாசியின் நுனியைப் பிடித்தாள்.

“அந்த முனையப் புடி.”

“விடு அக்கா, இன்னைக்கு ஒரு நாள் காயாமப் போனா என்ன கொள்ள போகுது?”

“புடின்னு சொல்றேன்ல. எங்க வீட்டு ஆளு இந்த வயசுல விடியுமுன்ன தனியாப் போயி வாரிட்டு வந்தது. அழுகவிடவா?” இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் திருப்பினோம். நாலாவது வரிசையில் அவளே பேசினாள். “அவருக்குச் சொல்லாத.”

“எத்தன நாளைக்கு?”

“பருவம் முடியட்டும். எழுபது வயசு. படகுல ஒத்தையா நிக்கிற ஆளு. இதக் கேட்டுட்டுக் கடலுக்குப் போனா, திரும்பி வருவாருன்னு நெனக்கிறியா? அவன் காகிதத்தக் கல்லோட கட்டிக் கடல்ல போட்டவரு அவரு. பையன் கடல்லதான் கெடக்கான்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

 மூக்கைச் சிந்திக்கொண்டு பாசியைப் பிடித்தேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் இசோகிச்சி படகைக் கழுவிவிட்டு ஏறி வந்தார். ரப்பர் பூட்ஸ் சரளையில் நறநறவென்று கேட்டது. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நேராக அவளிடம் போய் நின்றார்.

“எங்க இருக்கான்?”

“ககோஷிமா” என்றாள் கிவா அக்கா, நிமிராமல்.

“வயசு?”

அவள் வாயைத் திறந்தாள். எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். வரவில்லை. 

“நாப்பத்தொண்ணு” என்றாள்.

 இசோகிச்சி விரல்விட்டு எண்ணினார். பையன் பிறந்த வருஷத்திலிருந்து எண்ணினாரோ என்னவோ, உதடு கணக்குப் போட்டது.

“நாப்பத்தொண்ணுன்னா போட்டிருக்கான்?”

“ம்.”

“சரியான வயசுடி அது! நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“வெளையாட்ட விட்டுட்டான்.” தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார். “நொபுயே, கேட்டியா? பன்னெண்டு வருஷமா இந்தக் கழுத வயச மறைச்சிட்டு, கடைசித் தபால்ல சரியாப் போட்டிருக்கான். அப்படின்னா என்ன அர்த்தம்? வீட்டு ஞாபகம் வந்திருச்சுன்னுதான? வரப்போறான்னுதான?”

அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேல்பல் இரண்டு இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் “ஆமாண்ணே” என்றேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்று மத்தியானம் உப்பிட்ட சால்மன் வைத்த சோற்றுருண்டை நாலு தின்றார். கிவா அக்கா தன்னுடையதையும் எடுத்து அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மூன்று மணிக்குப் பனி ஏறுவதற்குள் கடைசிப் பாசியையும் உள்ளே எடுத்துவிட்டோம். நல்ல கறுப்பு. முதல் தரம்.

புத்தகம் என் ஏப்ரனுக்குள்ளேயே திரும்பியது. என் கடை அரிசிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் அந்தக் கதவோடு முட்டிக்கொண்டு நின்றார்கள், கடைசி அரைப் பக்கத்தைப் புரட்ட யாருக்கும் மனசில்லை.

மறுநாள் வியாழன். எதிர்வீடு தெரியாத பனி. கொடி ஏறவில்லை, படகு போகவில்லை. காலையில் கிவா அக்கா கடைக்கு வந்தாள். அங்கே ஷோஹெய் இன்னும் தன் போனை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

“நீ சொல்லு பெரியம்மா” என்றான் அவளிடம். “கதவு தொறந்துச்சா, தொறக்கலையா? ஊரே ரெண்டுபட்டுக் கெடக்கு.”

“நான் கதையெல்லாம் படிக்கிறதில்லையேப்பா.”

“சும்மா உன் மனசுக்குத் தோணுறதச் சொல்லு.”

“ஆள் வாசல் வரைக்கும் வந்துட்டானா?”

“வந்துட்டானே.”

“அப்ப அந்த வீட்டுக்காரங்களுக்குக் குடுத்துவச்சிருக்கு” என்றாள். என்னிடம் திரும்பி, “வெள்ள மெழுகுவத்தி ஒண்ணு குடு” என்றாள்.

 வீட்டில் செத்தவர்களுக்காகப் புத்தர் மாடத்தில் ஏற்றுகிற மெழுகுவத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எங்கடி ஏத்துவேன்? யாருக்குன்னு கேப்பாரே” என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பனிக்குள் போனாள்.

சாயங்காலத்துக்கு முன்னால் மனசு கேட்காமல் ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் இசோகிச்சி மண்டியிட்டுக் கிடந்தார். தள்ளுகதவைக் கழற்றிச் சாய்த்துவைத்து, அது ஓடுகிற மரச்சட்டத்தில் எதையோ அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“உப்புக்காத்துல ஊறி இந்தக் கதவு இருபது வருஷமாச் சிக்குது” என்றார். “ரெண்டு கை வச்சு மல்லுக்கட்டணும். மெழுகு தேச்சா ஓடும். கேக்க உன் கடைக்குத்தான் கெளம்புனேன். பாத்தா இழுப்பறையில புதுசா ஒண்ணு கெடக்கு! அவளும் இதுக்குத்தான் வாங்கி வச்சிருக்கா பாரு. எங்கிட்டச் சொல்லத்தான் வெக்கம்.”

உள்ளே கிவா அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புத்தர் மாடம் சாத்தியிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசோகிச்சி கதவைத் தூக்கிச் சட்டத்தில் பொருத்தினார். “தள்ளு நொபுயே. ஒத்த வெரலால தள்ளு.”

தள்ளினேன். சத்தமே இல்லாமல் ஓடிப்போய் ஓரத்தில் நின்றது.

“பாத்தியா! வந்தா அவன் தட்டக்கூட வேண்டாம்.”

பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனவர், தேய்ந்து பாதியாகிப் போயிருந்த மெழுகுவத்தியைக் கிவா அக்காவிடம் நீட்டினார். திரி வெள்ளையாக, புதுசாகவே இருந்தது.

“பத்திரமா வை. பனிக்காலத்துல இன்னொருக்காத் தேய்க்கணும்.”

அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.